42 நிமிடத்தில் ஒரு முழுக் கதை

எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, நியூயார்க்கில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்துக்குள் யாரும் அழைக்காமலே நுழைகிறார். வழக்கறிஞர்கள் கூடி மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கும் அறைக்குள் போய் நிற்கிறார். சாதாரண உடை, நரைத்த தலை, வாய் நிறையப் பேச்சு. 'நீங்கள் யார்?' என்று கேட்கவே அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. எதிர்த்தரப்பு எந்தத் தொகை வரை இறங்கி வரும் என்பது தனக்குத் தெரியும் என்கிறார். அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்திலேயே இருந்து கேட்டிருக்கிறார். ஒரு கிழவி அருகில் இருக்கிறாளே என்று அவர்கள் குரலைத் தாழ்த்தவில்லை; அவர் அங்கே இருப்பது யார் கண்ணிலும் படவில்லை. இந்த வயதில் தன் பலமே அதுதான் என்கிறார். வேலையும் கிடைத்துவிடுகிறது.

2024 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த 'மேட்லாக்' தொடரின் முதல் எபிசோட் இப்படித் தொடங்கியது. அந்தப் பெண்மணியாக நடிப்பவர் கேத்தி பேட்ஸ். 'மிசரி' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். தொடர் தொடங்கியபோது அவருக்கு 76 வயது. கடந்த இரண்டு வருடங்களில் அமெரிக்க நெட்வொர்க் சேனல்களில் வந்த புதிய தொடர்களில் எதைப் பார்க்கலாம் என்று யார் கேட்டாலும், நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். முதல் எபிசோடின் முடிச்சை அங்கே அவிழ்க்கப் போகிறேன்.

மேட்டி மேட்லாக் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் அந்தப் பெண், கணவர் கடனை வைத்துவிட்டுச் செத்துப்போனார், பேரனை நான்தான் வளர்க்க வேண்டும், அதனால்தான் இந்த வயதில் வேலை தேடுகிறேன் என்கிறார். நாமும் நம்பிவிடுகிறோம். எபிசோட் முடிவில் அவர் சொகுசுக் காரில் ஏறி மாளிகை போன்ற வீட்டுக்குப் போகிறார். கணவர் உயிரோடு இருக்கிறார். பணத்துக்குக் குறைவில்லை. பெயரும் மேட்லாக் இல்லை. 1986 முதல் 1995 வரை ஆண்டி கிரிஃபித் நடித்து ஓடிய பழைய 'மேட்லாக்' தொடரிலிருந்து எடுத்துக்கொண்டது. ஓபியாய்ட் வலி நிவாரண மாத்திரைக்கு அடிமையாகி அவருடைய மகள் இறந்திருக்கிறாள். அந்த மருந்தின் ஆபத்தைக் காட்டும் ஆவணங்களை இந்தச் சட்ட நிறுவனத்தில் யாரோ ஒருவர் மறைத்திருக்கிறார். அவை அன்றைக்கே வெளியே வந்திருந்தால் மருந்து பல வருடங்களுக்கு முன்பே சந்தையிலிருந்து போயிருக்கும். மறைத்தவர் யார் என்று கண்டுபிடிக்கத்தான் இந்தத் தாய் வந்திருக்கிறார்.

இந்தத் திருப்பத்தை அதிர்ச்சிக்காக மட்டும் வைத்த உத்தி என்று ஒதுக்க முடியாது. அமெரிக்காவில் ஓபியாய்ட் வகையைச் சேர்ந்த ஆக்ஸிகான்டின் மாத்திரை 1996-ல் சந்தைக்கு வந்தது. அதைத் தயாரித்த பர்டியூ நிறுவனம் 2007-லும் 2020-லும் மத்திய அரசு தொடுத்த குற்ற வழக்குகளில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. இந்தத் தொடரில் வரும் மருந்தும் நிறுவனமும் கற்பனை; ஆனால் மேட்டியைப் போல் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்கள் அந்த நாட்டில் லட்சக்கணக்கில் இருக்கின்றன. வாரம் ஒரு வழக்கு வருகிறது, அந்த வாரமே தீர்ப்பாகிறது. அந்தத் தாயின் கணக்கு மட்டும் தீராமல் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. தொடரை உருவாக்கிய ஜென்னி ஸ்னைடர் அர்மனின் கெட்டிக்காரத்தனம் இந்த இரட்டை ஓட்டத்தில் இருக்கிறது.

ஒரு கதையைத் தொடங்கிய எபிசோடிலேயே முடித்துக்காட்டுவதைப் பழங்காலப் பழக்கம் என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எழுத்தாளருக்கு இருப்பதிலேயே கடினமான வேலை அதுதான் என்பது என் எண்ணம். கடந்த இரண்டு வருடப் புதிய தொடர்களைப் பார்த்தபிறகு அது இன்னும் உறுதிப்பட்டிருக்கிறது.

ஜன்னலோர ஆண்டெனா

நெட்வொர்க் என்றால் ஏபிசி, என்பிசி, சிபிஎஸ், ஃபாக்ஸ் போன்ற சேனல்கள். கேபிளும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம். ஜன்னலோரம் சிறிய ஆண்டெனா ஒன்றை வைத்தால் படம் வந்துவிடும். விளம்பரம்தான் வருமானம். செப்டம்பரில் புதிய தொடர்கள் தொடங்கும். மே மாதத்தோடு சீசன் முடியும். ஒரு மணி நேரத் தொடரில் விளம்பரம் போகக் கதைக்கு மிஞ்சுவது சுமார் 42 நிமிடம். அரை மணி நேர நகைச்சுவைக்கு 21 அல்லது 22 நிமிடம்.

இந்தச் சேனல்களின் பொற்காலம் போய்விட்டது என்பது உண்மைதான். 1983 பிப்ரவரி 28 அன்று 'மேஷ்' தொடரின் கடைசி எபிசோடை 10 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் பார்த்தார்கள். 2025 மே மாதத்தில், டிவி பார்வையை அளவிடும் நீல்சன் நிறுவனத்தின் கணக்குப்படி, அமெரிக்கர்கள் டிவி முன் செலவிட்ட நேரத்தில் ஸ்ட்ரீமிங்கின் பங்கு 44.8 சதவீதம். நெட்வொர்க் சேனல்களுக்கு 20.1, கேபிளுக்கு 24.1. இரண்டையும் கூட்டினாலும் ஸ்ட்ரீமிங்கை எட்டவில்லை. அப்படி ஆனது அதுவே முதல் தடவை.

அந்த 20 சதவீதத்தில் இருப்பவர்கள் யார் என்று நான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். பிள்ளைகளோடு இருக்க அமெரிக்கா வந்து ஆறு மாதம் தங்கும் பெற்றோரில் நானும் ஒருத்தி. பகலில் வீடு வெறிச்சோடிக் கிடக்கும். "அம்மா, நெட்ஃப்ளிக்ஸ்லயே எல்லாம் இருக்கே, உனக்கு எதுக்கு இந்த ஆண்டெனா?" என்பான் மகன். எதைப் பார்ப்பது என்று அரை மணி நேரம் தேடிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. வியாழக்கிழமை ராத்திரி இது வரும் என்று காத்திருக்கப் பிடிக்கும். உச்சரிப்பு பிடிபடாத இடத்தில் திரையின் அடியில் ஓடும் வசன எழுத்து கைகொடுக்கிறது. செவித்திறன் குறைந்தவர்களுக்காக 1990-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. அதனால் 1993-லிருந்து விற்பனைக்கு வந்த 13 அங்குலமும் அதற்கு மேலுமான டிவிக்களில் இந்த வசதி கட்டாயமானது. என் வயதில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் எத்தனையோ அம்மா அப்பாக்களுக்கு இங்கிலீஷ் கதை புரிவது அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில்தான்.

விளம்பர இடைவேளையையும் நான் விடாமல் பார்ப்பேன். மருத்துவர் சீட்டில் எழுதித் தரும் மருந்துகளை டிவியில் நேரடியாக விளம்பரம் செய்ய அனுமதிக்கும் நாடுகள் உலகத்தில் அமெரிக்காவும் நியூசிலாந்தும்தான். 1997-ல் விதிகள் தளர்ந்த பிறகு இங்கே மருந்து விளம்பரம் வெள்ளமாகப் பெருகிவிட்டது. 'மேட்லாக்' தொடரில் ஒரு தாய் மருந்துக் கம்பெனியால் மகளை இழந்ததைச் சொல்லி முடிக்கிறாள். உடனே இடைவேளை. புல்வெளியில் நாயோடு சிரித்துக்கொண்டு நடக்கும் தம்பதி. பின்னணியில் ஒரு குரல் பக்கவிளைவுகளை வேகவேகமாக ஒப்பிக்கிறது. அந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. விளம்பரமே இல்லாமல் இதைப் பார்ப்பவர்களுக்கு இந்த வலி முழுதாகப் போய்ச் சேராது.

துப்புரவு வண்டியும் துப்புப் பலகையும்

ஏபிசி-யின் 'ஹை பொட்டென்ஷியல்' 2024 செப்டம்பர் 17-ல் தொடங்கியது. பிரான்சில் 2021-ல் டிஎஃப்1 சேனலில் வந்து பெரிய வெற்றி பெற்ற 'எச்பிஐ' தொடரின் அமெரிக்க வடிவம் இது. ட்ரூ கோடார்ட் எழுதியது. கதாநாயகி மார்கன், லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் அலுவலகத்தில் இரவில் தரை துடைப்பவள். மூன்று பிள்ளைகளின் தாய். ஐக்யூ 160. அந்த மூளையை வைத்துக்கொண்டு ஒரு வேலையிலும் நிலைக்க முடியாமல் போனவள்.

முதல் எபிசோடில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, ஆடிக்கொண்டே துடைப்பவள் ஒரு மேஜைமேல் இருந்த கோப்புகளைத் தட்டிவிடுகிறாள். தாள்கள் சிதறுகின்றன. பொறுக்கி அடுக்கும்போது கண் அவற்றில் ஓடுகிறது. சுவரில் வழக்கு விவரப் பலகை. அதில் ஒரு பெண்ணின் படத்தோடு 'சந்தேகத்துக்குரியவர்' என்று எழுதியிருக்கிறது. அதை அழித்துவிட்டுப் 'பாதிக்கப்பட்டவர்' என்று எழுதிவிட்டுத் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறாள். ஆளின் குணம், வறுமை, அறிவு, அடங்காத கை, எல்லாம் அந்தச் சில நிமிடங்களில் வந்துவிட்டன. பின்கதையை வசனத்தில் கொட்டவே இல்லை.

கெய்ட்லின் ஓல்சனின் நடிப்பு அபாரம். பளிச்சென்ற உடையில், மரியாதைக்குரிய மனுஷியாக வேஷம் கட்ட மறுக்கிற ஒரு தொழிலாளிப் பெண்ணை அவர் விட்டுக்கொடுக்காமல் நிறுத்துகிறார். போலீஸுக்கு உதவ அவள் போடும் நிபந்தனையும் எனக்குப் பிடித்தது: பதினைந்து வருடத்துக்கு முன் காணாமல் போன, தன் மூத்த மகளின் அப்பாவைத் தேடித்தர வேண்டும். குறையும் உண்டு. போகப்போகச் சில எபிசோடுகளில் அவளுக்குத் தெரியாத விஷயமே இல்லை என்றாகிவிடுகிறது. செடி, பூச்சி, சரித்திரம், ரசாயனம், எதைக் கேட்டாலும் பதில் தயார். அந்த இடங்களில் புதிர் தானாக அவிழ்கிறது, அவள் மெனக்கெடுவதில்லை. முதல் எபிசோடில் அவள் பார்த்தாள், யோசித்தாள், அதனால் கண்டுபிடித்தாள். அந்த நேர்மையை எழுத்தாளர்கள் கைவிடக் கூடாது.

என்பிசி-யின் 'ப்ரில்லியன்ட் மைண்ட்ஸ்' மீது எனக்கு ஆசையும் உண்டு, வருத்தமும் உண்டு. நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸை முன்மாதிரியாக வைத்து உருவான தொடர். சாக்ஸுக்கு முகங்களை அடையாளம் காண முடியாத குறை இருந்தது. ஸகரி குயின்டோ நடிக்கும் டாக்டர் வுல்ஃபுக்கும் அதே குறை. அல்சைமர் நோயாளி ஒருவரை மருத்துவமனைக்குத் தெரியாமல் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பேத்தியின் கல்யாணத்துக்குக் கூட்டிப்போவார் டாக்டர். யாரையும் தெரியாதிருந்த கிழவர் பியானோ முன் உட்கார்ந்ததும் விரல்கள் தாமாக வாசிக்கும். அந்தக் காட்சியில் நான் அழுதேன்.

ஆனால் சாக்ஸின் உலகம் 42 நிமிடத்துக்குள் அடங்காது. 1969-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி மருத்துவமனை ஒன்றில், மூளை நோயால் பல பத்தாண்டுகளாக அசைவில்லாமல் உறைந்து கிடந்தவர்களுக்கு அவர் எல்-டோபா மருந்து கொடுத்தார். அவர்கள் விழித்தார்கள், பிறகு பலர் பழைய நிலைக்கே சறுக்கினார்கள். 1973-ல் வந்த அவருடைய 'அவேக்கனிங்ஸ்' நூல் அந்தச் சறுக்கலையும் சேர்த்தே சொல்கிறது. சாக்ஸின் பெருமை அவர் நோயாளியோடு வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்ததில் இருக்கிறது. தொடரிலோ ஒவ்வொரு வாரமும் ஒரு நோய் வருகிறது, டாக்டருக்குப் பொறி தட்டுகிறது, குடும்பம் கட்டிக்கொள்கிறது. கொலை வழக்கை ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம். மூளை நோய் அப்படி முடியாது. வடிவத்துக்கு ஒத்துவராத விஷயத்தை அதற்குள் திணித்ததுதான் இந்தத் தொடரின் சிக்கல். நடிப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிரிப்புக்கு 22 நிமிடம்

நகைச்சுவையில் எனக்கு மனம் நிறைந்தது 'செயின்ட் டெனிஸ் மெடிக்கல்'. 2024 நவம்பர் 12-ல் என்பிசி-யில் தொடங்கியது. ஆரிகன் மாநிலத்தில், பணமும் ஆளும் போதாத ஒரு மருத்துவமனை. ஆவணப்படம் எடுப்பவர்கள் கேமராவோடு சுற்றுவது போன்ற பாணி. 'சூப்பர்ஸ்டோர்' தந்த ஜஸ்டின் ஸ்பிட்சரும் எரிக் லெட்ஜினும் சேர்ந்து உருவாக்கியது.

தலைமை நர்ஸ் அலெக்ஸாக அலிசன் டோல்மன். முதல் எபிசோடில், மகள் பள்ளியில் பாடி நடிக்கப்போவதைப் பார்க்க அலெக்ஸ் சரியான நேரத்துக்குக் கிளம்ப வேண்டும். கிளம்ப முடியவில்லை. ஒவ்வொரு தடவை கோட்டை எடுக்கும்போதும் யாராவது கூப்பிடுகிறார்கள். அவள் போகாவிட்டால் ஆஸ்பத்திரி இடிந்துவிடாது. ஆனால் கூப்பிட்டவருக்குக் காலில் வலி, அதைக் கேட்டபின் எப்படிப் போவது? நர்ஸ் வேலையில் இருக்கும் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கடம் இது. வெண்டி மெக்லெண்டன்-கோவி நடிக்கும் நிர்வாகி ஜாய்ஸ், ஆள் பற்றாக்குறை கழுத்தை நெரிக்கும்போது விலையுயர்ந்த மேமோகிராம் இயந்திரம் வாங்கிப் பெருமைப்படுகிறார். அவரையும் தொடர் கேலிப்பொருளாக்கவில்லை. அவருக்கும் அந்த ஆஸ்பத்திரி பெரிதாக வேண்டும் என்ற கனவு நிஜம். ஒதுக்குப்புறமான ஒரு மதச் சமூகத்தில் வளர்ந்து, உலகமே புதிதாகத் தெரியும் இளம் நர்ஸ் மேட்டும் அப்படித்தான். யாரையும் சின்னவராக்காமல் சிரிக்கவைப்பது எளிதல்ல.

பாடகி ரீபா மெக்கென்டயரின் 'ஹேப்பீஸ் பிளேஸ்' பழைய பாணி: ஸ்டுடியோ பார்வையாளர்கள் முன் எடுக்கப்பட்டது. அப்பா விட்டுப்போன மதுக்கடையில் பாதி, தனக்கே தெரியாத ஒரு தங்கைக்கு என்று அக்காவுக்குத் தெரியவருகிறது. அலட்டாத, இதமான தொடர். 'யங் ஷெல்டன்' தொடரிலிருந்து கிளைத்த 'ஜார்ஜி அண்ட் மேண்டீஸ் ஃபர்ஸ்ட் மேரேஜ்' பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. மூலத் தொடரில் பின்னணிச் சிரிப்பு கிடையாது. அதனால்தான் அப்பா இறந்த துக்கம் அங்கே அப்படிப் பதிந்தது. இங்கே அதே ஜார்ஜி டயர் கடையில் நின்று வாயைத் திறக்கும் முன்பே சிரிப்பு வந்துவிடுகிறது. அந்தப் பையன் நன்றாக நடிக்கிறான். அவனுக்கு ஒரு நொடி மௌனம் கொடுத்திருக்கலாம்.

சொகுசுக் கப்பல் மருத்துவர் கதையான 'டாக்டர் ஒடிசி' கண்ணுக்கு விருந்து, மனசுக்கு ஒன்றுமில்லை. ஒரே சீசனோடு முடிந்தது. ஷெர்லாக் ஹோம்ஸ் இறந்தபின் அவருடைய நண்பர் வாட்சன் பிட்ஸ்பர்க்கில் மருத்துவமனை நடத்தும் 'வாட்சன்' எனக்கு ஒட்டவே இல்லை.

காத்திருப்பின் கணக்கு

2024-ன் புதிய தொடர்களில் இந்த அளவு உயிர் இருந்ததற்கு என் கணிப்பில் ஒரு காரணம் உண்டு. 2023-ல் எழுத்தாளர்கள் 148 நாளும் நடிகர்கள் 118 நாளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த இலையுதிர் சீசனில் போடுவதற்குப் புதிய கதைகள் இல்லை. வேறொரு சேனலுக்காக எடுத்த 'எல்லோஸ்டோன்' தொடரின் பழைய சீசனை சிபிஎஸ் ஒளிபரப்பியது. 'மேட்லாக்' முதலில் அந்தச் சீசனில் வந்திருக்க வேண்டியது. அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. இவ்வளவு காத்திருந்து வந்ததில் கைவேலை தெரிகிறது.

மெகா சீரியலில் வளர்ந்த கண் என்னுடையது. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரத்தின் பாரத்தை 'மெட்டி ஒலி' நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நம் தோளில் ஏற்றியது. அந்தச் சுகம் எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு முன், தூர்தர்ஷன் காலத்தில் கே. பாலசந்தரின் 'ரயில் சிநேகம்' போன்றவை வாரம் ஒருமுறை வந்து, ஓர் அளவில் தொடங்கி ஓர் அளவில் முடிந்தன. நமக்கும் அந்த வடிவம் தெரிந்துதான் இருந்தது. இன்று வாரத்தில் ஆறு நாள் எபிசோட் தர வேண்டிய நம் எழுத்தாளரால் ஒரு முகத்தை மூன்று கோணத்தில் காட்டி நேரத்தைக் கடத்துவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? திறமை இல்லை என்று சொல்லவே மாட்டேன். யோசிக்க அவருக்கு ஒரு வாரம் கிடைப்பதில்லை.

வாரம் ஒரு எபிசோட் என்ற பழைய முறையின் பலத்தை இப்போது ஸ்ட்ரீமிங் நிறுவனமே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2025 ஜனவரியில் மேக்ஸ் தளத்தில் வந்த 'தி பிட்' நெட்வொர்க் தொடர் அல்ல. ஆனால் அதன் ரத்தம் நெட்வொர்க்குடையது. என்பிசி-யில் 1994 முதல் 2009 வரை ஓடிய 'ஈஆர்' தொடரில் இளம் டாக்டராக வந்த நோவா வைல் இதில் மூத்த மருத்துவர். ஒரே பணிநாளின் 15 மணி நேரம், 15 எபிசோட், வாரம் ஒன்று. மறு வருடமே அடுத்த சீசன். 2025 எம்மி தொலைக்காட்சி விருது விழாவில் சிறந்த டிராமா விருது அதற்குக் கிடைத்தது, வைலுக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது. இதே விழாவில் 77 வயது கேத்தி பேட்ஸ் சிறந்த நடிகைக்கான போட்டியில் இருந்தார். அந்தப் பிரிவில் அவரை விட மூத்தவர் யாரும் அதுவரை பரிந்துரைக்கப்பட்டதில்லை. விருது 'செவரன்ஸ்' தொடரின் பிரிட் லோவருக்குப் போனது. நான் மேட்டிக்காகத்தான் விழித்திருந்தேன்.

இந்த நம்பிக்கையோடு 2025 இலையுதிர் சீசனைப் பார்த்தபோது மனம் சுருங்கியது. 'பாஸ்டன் ப்ளூ' என்பது 'ப்ளூ பிளட்ஸ்' தொடரின் கிளை. 'ஷெரிஃப் கன்ட்ரி' என்பது 'ஃபயர் கன்ட்ரி'யின் கிளை. '9-1-1: நாஷ்வில்' பெயரிலேயே தாய்த் தொடரைச் சுமந்து வருகிறது. தெரிந்த பெயர் இருந்தால் விளம்பரதாரர் பயப்பட மாட்டார் என்பது கணக்கு. ஓட்டுநர் உரிமம் தரும் அரசு அலுவலகத்தை வைத்து சிபிஎஸ் தந்த 'டிஎம்வி' வேறு தொடரின் நிழல் இல்லாமல் வந்தது. வரிசையில் நிற்கும் மனிதர்களைக் காட்டும் அதற்கு இன்னும் நேரம் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். முதல் சில எபிசோடை வைத்து யாரும் அதைத் தூக்கிவிடக் கூடாது.

விளம்பரதாரர்கள் 18 முதல் 49 வயதுக்காரர்களைத்தான் எண்ணிப் பணம் தருகிறார்கள். அந்த வயதுக்காரர்கள் ராத்திரி எட்டு மணிக்குக் கையில் ஃபோனோடு இருக்கிறார்கள். டிவி முன் உட்கார்ந்திருப்பது நாங்கள். தரை துடைக்கும் பெண்ணையும் கோர்ட் படியேறும் கிழவியையும் நம்பிப் பணம் போட்டபோது நாங்கள் வாராவாரம் வந்தோம். அடுத்த மே மாதம் நியூயார்க்கில் சேனல்கள் தங்கள் புதிய தொடர்களை விளம்பரதாரர்கள் முன் அறிவிக்கும்போது, பணி ஓய்வு பெற்ற ஒரு பள்ளி நர்ஸின் கதையையோ, முப்பது வருடம் ஸ்கூல் பஸ் ஓட்டிய ஒருவரின் கதையையோ முதன்முதலாகச் சொல்லும் ஒரு தொடராவது அந்தப் பட்டியலில் இருக்கட்டும். எந்தக் கிழமை வந்தாலும் நான் பார்ப்பேன்.